ஊசித்துளை காட்டும் கதிரவன்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணம், தமிழர் வாழும் நிலங்கள் சிலவற்றை ஒரே நாளில் தொட்டுச் சென்றது. கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் காலை 9.30 அளவில் காணப்பட்ட ஒளிவளையம் யாழ்ப்பாணத்தைக் கடந்து, கடலையும் சுமத்திராவையும் தாண்டி, மலேசிய நேரப்படி பிற்பகல் 1.20 அளவில் தென் ஜொகூரை எட்டியது. வளையப் பாதையின் வட ஓரம் அப்பகுதி வழியே சென்றது. அன்னாசியால் பெயர் பெற்ற பெக்கான் நானாஸ் அவ்வோரத்தை ஒட்டிய ஊர். அப்பொழுது பள்ளிகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை. எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர வேண்டிய ஆசிரியர் கிரகண வேளையில் பிள்ளைகளின் அருகில் இருக்க வாய்ப்பில்லை. ஆதலின் இஃது முன்கூட்டியே நடத்த வேண்டிய பாடமாகும்.

முழுக் கிரகணத்தில் கதிரவன் அறவே மறையும் சில நிமிடங்களேனும் வெறுங்கண்ணால் பார்க்க இடமுண்டு. வளையக் கிரகணத்தில் அதுவும் இல்லை. அன்று திங்கள் மறைத்தது கதிரவ வட்டத்தில் ஏறத்தாழ 94 விழுக்காடு. எஞ்சிய 6 விழுக்காடே கண்ணைக் கெடுக்கப் போதுமானது. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையில் புள்ளி விழுந்ததைச் சிலமணி நேரம் கழித்தே பிள்ளை உணரும்.

தாம்பாளத்து நீரிலோ சாணம் கரைத்த நீரிலோ நிழல் பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் நெடுங்காலமாக உண்டு. நேர்ப்பார்வை தீங்கு என்று முன்னோர் அறிந்திருந்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. உச்சியை அடுத்த கதிரொளியில் நீர்ப்பரப்பு திருப்பியனுப்புவது 50இல் ஒரு பங்கு. தரமுள்ள கிரகணக் கண்ணாடி உள்ளே விடுவதோ 30,000இல் ஒரு பங்குக்கும் குறைவு. புகை பிடித்த கண்ணாடியையும் எக்ஸ்ரே படத்தையும் நம்பலாகாது.

செலவில்லாத வழி ஊசித்துளை. ஓர் அட்டையில் சாளரம் வெட்டி, ஈயத்தாள் ஒட்டி, அதில் ஒரு மில்லிமீட்டர் அளவு துளையிட வேண்டும். கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, துளைவழி வரும் ஒளியை வெள்ளைத்தாளில் விழச் செய்தால் அங்கே கதிரவனின் தலைகீழ் உருவம் தோன்றும். துளைவழியே கதிரவனைப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பிள்ளைகள் முதலில் செய்ய முனைவது அதைத்தான். அன்றைய கிரகண வேளையில் ஜொகூரில் கதிரவன் உச்சிக்குத் தெற்கே சுமார் 25 பாகையில் நின்றமையால், தாளைத் தரையிலேயே விரித்துவிடலாம். சுவர் தேட வேண்டியதில்லை.

துளைக்கும் தாளுக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால் உருவத்தின் விட்டம் 9 மில்லிமீட்டர். இரண்டு மீட்டரானால் இருமடங்கு. கதிரவனின் தொலைவு அதன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 107 மடங்கு. அதே விகிதம் துளைக்கு இப்பாலும் அமைகிறது. ஆகவே 15 கோடி கிலோமீட்டரை 107ஆல் வகுத்து, கதிரவனின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர் என்று ஆறாம் வகுப்பு மாணவனே கண்டுவிடலாம். இக்கணக்குக்குக் கிரகணமும் வேண்டியதில்லை. வெயில் காயும் எந்த நாளும் போதும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்கலாகாது. அன்றைய வளையத்தின் உண்மையான தடிப்பு ஒரு மீட்டர் தொலைவில் மயிரிழையளவே. ஆனால் தாளில் துளையின் அகலமே வளையத்தின் தடிப்பாகத் தெரியும். துளையைச் சிறிதாக்கினால் கூர்மை மிகும், ஒளி குறையும்.

துளை முக்கோணமானாலும், தாள் போதிய தொலைவில் இருந்தால் உருவம் வட்டமே. மரநிழலில் இலையிடுக்குகளின் ஒளிப்பொட்டுகள் வட்டமாவதும் இதனாலேயே. கிரகணத்தில் அவை யாவும் பிறைகளாகும். பதினோராம் நூற்றாண்டில் அராபிய அறிஞர் இப்னுல் ஹைத்தம் இதனை ஆராய்ந்து தனிநூலே எழுதினார். 1600ஆம் ஆண்டு ஜூலை 10இல் கிராட்ஸ் நகரில் கெப்ளர் கிரகணத்தை அளந்ததும் துளைவழி ஒளியைக் கொண்டே. துளை குத்தவும் மனமில்லாதவருக்கு அடுக்களை ஜல்லிக் கரண்டி இருக்கிறது. கண்ணுக்கொரு பிறையாகத் தரையெல்லாம் பரப்பிவிடும்.

2031ஆம் ஆண்டு மே 21இல் மற்றொரு வளையக் கிரகணம் தென்தமிழகத்தையும் வட இலங்கையையும் கடந்து தீபகற்ப மலேசியாவின் வடபகுதிக்கு வரவிருக்கிறது. அன்று ஜொகூரில் தெரிவது குறைக் கிரகணம். தாளில் விழுவது பிறை.