கரப்பானும் கண்ணுறங்கா இரவுகளும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

குழந்தை அழுதால் பசி என்பார்கள். பால் கொடுத்த பின்னும் அழுதால் வயிற்றுவலி என்பார்கள். பசியும் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. ஆயினும் ஒரு பச்சிளங் குழந்தை விடிய விடிய அழுது, தன் கன்னத்தைத் தானே தலையணையில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக் கொண்டால் அதற்கு என்ன பெயர் சொல்வது? எங்கள் வீட்டில் அதற்குக் 'கரப்பான்' என்று பெயர் சொன்னார்கள். ஆங்கில மருத்துவர்கள் எக்ஸிமா என்றார்கள். பெயர் எதுவானால் என்ன? எங்கள் குடும்பம் ஏறக்குறைய ஓராண்டு உறங்கவில்லை.

என் தமக்கை 2023ஆம் ஆண்டு தை மாதம் எங்கள் வீட்டில் ஆண் மகவொன்றை ஈன்றாள். என் மருமகன்! சித்திரை வெயில் தொடங்கியபோது அவனுடைய இரு கன்னங்களும் சிவந்தன. பிறகு சொரசொரப்பாயின, பிறகு வெடித்து நீர் கசிந்தன. நெற்றி, உச்சந்தலை, கை கால்களின் புறப்பகுதி என்று அது பரவியது. இரவில் அவன் சொறிந்து கொள்ளாமல் இருக்க, அவனுடைய சிறு கைகளில் காலுறைகளை மாட்டி வைத்தோம். காலையில் அவற்றில் இரத்தக் கறை இருக்கும்.

ஐந்தாம் மாதம் தாயையும் சேயையும் அழைத்துப் போக அத்தை வந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "நீ என்னத்தைச் சாப்பிட்டாய்?" என்பதே. "தோல் சரியாகட்டும், பிறகு அழைத்துக் கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் தனியே பேருந்து ஏறினார். அன்று என் தமக்கை அழுத அழுகைதான் இக்கட்டுரை எழுதப்படக் காரணம்.

கரப்பான் என்பது யாது?

எக்ஸிமா என்னும் சொல் கிரேக்க மொழியில் 'கொதித்துப் பொங்குதல்' என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. குழந்தைகளுக்கு வரும் இவ்வகைக்கு 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்ற பெயரை 1933ஆம் ஆண்டில் வைஸ், சல்ஸ்பெர்கர் என்னும் இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வழங்கினர். இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிறந்த முதல் ஆண்டிலேயே அது தொடங்கிவிடுகிறது.

நம் தோலின் மேல்தட்டை ஒரு செங்கற்சுவராக எண்ணிப் பாருங்கள். தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சுண்ணச் சாந்து. சுவர் உறுதியாக இருந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. வெளியிலுள்ள தூசியும் நுண்ணுயிரும் உள்ளே நுழையா. இச்சுவரை இறுகக் கட்டவும், தோலில் ஈரத்தைத் தேக்கவும் 'ஃபிலாகிரின்' என்னும் புரதம் உதவுகிறது. இப்புரதத்திற்குரிய ஜீனில் ஏற்படும் பழுது எக்ஸிமாவுக்கு வழிகோலுகிறது என்பதை 2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீன் குழுவினர் கண்டறிந்தனர்.

ஆனால் இந்நோய் கண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஜீன் பழுதுபட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. பரம்பரைக் கூறு, உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறிச் சீறும் இயல்பு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் கூடியே இதனை உண்டாக்குகின்றன. சுவரில் விரிசல் விழுகிறது, தோல் வறள்கிறது, அரிப்பு எடுக்கிறது, சொறிந்தால் விரிசல் இன்னும் பெரிதாகிறது. இது ஒரு நச்சு வட்டம்.

இது தொற்றுநோய் அன்று. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பேருந்தில் எங்கள் அருகே அமர்ந்திருந்த அம்மையார் குழந்தையைக் கண்டதும் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் குழந்தையைக் கையில் வாங்க ஒருவரும் முன்வரவில்லை. தொட்டால் ஒட்டாத நோய்க்கு ஒரு குழந்தை தீண்டத்தகாதவன் ஆவது எவ்வளவு பெரிய கொடுமை!

யார் செய்த பிழை?

'கரப்பான் பண்டம்' என்றொரு பட்டியல் நம் வீடுகளில் உண்டு. கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை என்று அது நீளும். பாலூட்டும் தாய் இவற்றை உண்டதால்தான் பிள்ளைக்குக் கரப்பான் வந்தது என்பது நம்பிக்கை. அத்தை போன பிறகு என் தமக்கை இரண்டு மாதம் சோறும் ரசமும் தவிர வேறெதுவும் தொடவில்லை. அவள் இளைத்தாளே ஒழியக் குழந்தையின் தோல் தேறவில்லை.

தாய் உணவை ஒதுக்குவதால் பிள்ளைக்கு எக்ஸிமா வராமல் தடுக்கலாம் என்பதை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைகளுள் சிலருக்குப் பால், முட்டை போன்றவற்றில் ஒவ்வாமை இருப்பது உண்மையே. ஆனால் அதை மருத்துவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். பாட்டியின் பட்டியல் சொல்லக் கூடாது.

இன்னொரு வியப்பான செய்தி. 2015ஆம் ஆண்டில் இலண்டனில் கிடியன் லாக் என்னும் மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு வெளியாயிற்று. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளுள் ஒரு பாதியினருக்கு நிலக்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தனர். மறு பாதியினருக்கு ஒதுக்கினர். ஐந்து வயதில் பார்த்தபோது, ஒதுக்கிய குழந்தைகளுக்கே கடலை ஒவ்வாமை மிகுதியாக இருந்தது! ஒதுக்குவதே காப்பு என்ற எண்ணம் இங்கே தலைகீழாயிற்று. ஆயினும் கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைக்கு இவ்வுணவுகளைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுக் கொள்வதே முறை. முழுக் கடலையைக் குழந்தைக்குக் கொடுப்பதும் ஆபத்து; தொண்டையில் அடைத்துக் கொள்ளும்.

பின்னாளில் அத்தையும் உடனிருந்தபோது மருத்துவ அம்மையார், "வீட்டில் யாருக்கேனும் இளைப்பு உண்டா?" என்று கேட்டார். மாமாவுக்குச் சிறு வயது முதல் இளைப்பு உண்டு. இளைப்பு, மூக்கொழுக்கு, எக்ஸிமா ஆகியவை ஒரே குடும்பத்தில் தொடர்ந்து வருபவை என்று அவர் விளக்கினார். அத்தை பதில் பேசவில்லை. பழியை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு மாற்றுவதற்காக இதைக் கூறவில்லை. தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வருவதற்கு யாரைக் குற்றம் சொல்வோம்? அதைப் போன்றதே இதுவும்.

நான் செய்த பிழை

ஆடி மாதம் அரசு மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிச் சென்றோம். மருத்துவ அம்மையார் ஒரு களிம்பும், தோலில் தடவ லிக்விட் பாரஃபினும் கொடுத்தார். களிம்பின் உறையில் 'ஹைட்ரோகார்ட்டிசோன்' என்று எழுதியிருந்தது. அப்போதுதான் நான் இக்கல்லூரியில் முதலாண்டில் சேர்ந்திருந்தேன். விலங்கியல் மாணவன் என்ற இறுமாப்பு வேறு! கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஸ்டீராய்டு. தோல் மெலிந்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும். தடவாதே" என்றேன். படித்த தம்பி சொன்னால் அக்கா கேட்க மாட்டாளா? களிம்பை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். வெடித்த தோலில் அது பட்டதும் குழந்தை துடித்த துடிப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

மூன்றே வாரம். கன்னங்களில் தேன் நிறத்தில் பொருக்கு கட்டிச் சீழ் வைத்தது, காய்ச்சல் கண்டது. எக்ஸிமா உள்ள தோலில் 'ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்னும் பாக்டீரியா எளிதில் குடியேறிப் பெருகும். நான்கு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தோம். களிம்பை நிறுத்தியது யார் என்று மருத்துவ அம்மையார் கேட்டபோது, அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொன்னேன். அவர் கடிந்து கொள்ளவில்லை. "தம்பி, வீடு பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் சுவர் நனையுமே என்று பார்ப்பாயா?" என்று மட்டும் கேட்டார்.

களிம்பும் அதன் அளவும்

ஹைட்ரோகார்ட்டிசோன் நம் உடலுக்குப் புதியது அன்று. நம் அட்ரினல் சுரப்பியே சுரக்கும் பொருள்தான் அது. தோல்மீது தடவினால் அழற்சி தணிகிறது என்பதை 1952ஆம் ஆண்டில் சல்ஸ்பெர்கரும் விட்டனும் வெளியிட்டனர். ஸ்டீராய்டு களிம்புகளில் மென்மையானவை முதல் மிக வலியவை வரை பல படிகள் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையான படியைச் சேர்ந்தது. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்கு மட்டும் தடவினால் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சில களிம்புகளில் வலிய ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, பாக்டீரியாக் கொல்லி எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். இரண்டே நாளில் மாயம் போலக் குணம் தெரியும். நிறுத்தினால் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். நாள்பட்டால் தோல் மெலியும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று கட்டுப்படுத்தியதன் காரணம் இதுவே.

அளவு எப்படி அறிவது? பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனி முதல் முதல் ரேகை வரை களிம்பைக் கோடாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்கு அது போதும். 'விரல்நுனி அளவு' என்று இதைச் சொல்வர்.

அன்றாடப் பராமரிப்பு

களிம்பு தீயை அணைக்கும். சுவரைக் கட்டுவது அன்றாடப் பராமரிப்பே. மருத்துவ அம்மையார் சொல்லி நாங்கள் கடைப்பிடித்தவை இவை:

1. நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை குளிப்பாட்டல். சுடுநீர் ஆகாது, மணமுள்ள சோப்பு ஆகாது.

2. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் உலருமுன்பே எண்ணெய்ப் பசையைத் தாராளமாகப் பூசுதல். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு வாரம் 250 கிராமுக்குக் குறையாமல் பூசச் சொல்கிறார்கள் என்றால் 'தாராளம்' என்பதன் பொருள் விளங்கும். நாங்களோ அதுவரை சுண்டுவிரலால் பொட்டு வைப்பது போலத் தடவிக் கொண்டிருந்தோம்!

3. பயத்தம் மாவு, கடலை மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்துதல். மாவின் சொரசொரப்பு தோலை உராய்கிறது. மேலும், வெடித்த தோலின் வழியே உணவுப் புரதம் நுழைந்தால் அவ்வுணவே பிறகு ஒவ்வாமல் போகக் கூடும்.

4. குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகை, முகப்பவுடர், மஞ்சள் ஆகியவற்றை விலக்குதல். புகை அரிப்பைத் தூண்டும்.

5. மெல்லிய பருத்தி ஆடை. ஒட்ட வெட்டிய நகங்கள். வியர்த்தால் உடனே வெறும் நீரால் துடைத்தல். துவைத்த துணியில் சோப்புத் தூள் தங்காமல் இருமுறை அலசுதல்.

பாட்டி சொன்னவை எல்லாம் தவறு என்று கொள்ள வேண்டாம். 2014ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் செய்த ஆய்வு வெளியாயிற்று. அதில் கனிம எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் நன்மை தந்தது! ஆனால் கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் சுவரைக் கெடுக்கக் கூடும் என்று வேறு ஆய்வுகள் கூறுகின்றன.

எப்போது விரைய வேண்டும்?

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் கண்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் தாமதிக்கலாகாது. ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸின் தொற்றாக இருக்கலாம். கரப்பான் என்ற காரணத்தால் வழக்கமான தடுப்பூசிகளைத் தாமே தள்ளிப் போடுவதும் தவறு. அதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

முடிவுரை

கரப்பானை ஒரே நாளில் வேரோடு களையும் மருந்து இல்லை. வளர வளரப் பல குழந்தைகளுக்குத் தானே தணியும்; சிலருக்குத் தொடரும். ஆகவே 'குணப்படுத்துகிறேன்' என்று வருபவரிடம் எச்சரிக்கை வேண்டும். 'கட்டுக்குள் வைப்போம்' என்று சொல்பவரிடம் நம்பிக்கை வேண்டும்.

என் மருமகன் இன்று ஓடி விளையாடுகிறான். மார்கழிப் பனியிலும் சித்திரை வியர்வையிலும் முழங்கை மடிப்பில் மட்டும் அது எட்டிப் பார்க்கும். அத்தையே களிம்பை அளந்து தடவுகிறார். போன பொங்கலுக்கு நான் சென்றிருந்தபோது, அக்காவின் இலையில் அவரே கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, "சாப்பிடு" என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அக்காவும் எதுவும் கேட்கவில்லை.

நண்பர்களே! அறியாமையைவிட அரைகுறை அறிவு கொடியது என்பதை நான் என் மருமகனின் கன்னத்தில் கற்றேன். நம் வீடுகளில் நாமே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாம் ஒன்று சொன்னால் வீட்டார் மறுப்பின்றிக் கேட்பர். ஆதலால் சொல்லுமுன் முழுதும் அறிவோம். அறியாததை அறிந்தவரிடம் கேட்போம்.