டர்போவுக்குத் தண்ணீர் எதற்கு?



"டர்போசார்ஜருக்குள் தண்ணீர் ஏன் ஓடுகிறது?" இது வைவாவில் கேட்கக்கூடிய கேள்வி. "எஞ்சினுக்குள் போகிற காற்றைக் குளிர்விக்க சார்" என்று பட்டென்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது இன்டர்கூலரின் வேலை. டர்போவுக்குள் ஓடும் தண்ணீர் காப்பாற்றுவது காற்றை அல்ல, பேரிங்கை. அதிலும் ஒரு வேடிக்கை: அந்தத் தண்ணீரின் முக்கியமான வேலை எஞ்சினை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது! இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் குழாயை எங்கே எடுத்து, எப்படிக் கொண்டுபோய், எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

டர்போ: ஒரு நிமிட அறிமுகம்

சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, அது டர்பைன். அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது, அது கம்ப்ரஸர். நடுவில் இருப்பது பேரிங் வீடு. ஷாஃப்டின் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். அந்த வேகத்தில் ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. டீசல் எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போது டர்பைனுக்குள் நுழையும் புகை 700 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குப் போகலாம். அவ்வளவு சூட்டுக்குப் பக்கத்திலேயே பேரிங் பிழைத்திருப்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஆயில் சூட்டை வாரிக்கொண்டு போவதால்தான்.

சாவியைத் திருப்பியதும்...

எஞ்சின் நின்றதும் ஆயில் பம்பும் நின்றுவிடுகிறது, வாட்டர் பம்பும் நின்றுவிடுகிறது. ஆனால் மேனிஃபோல்டும் டர்பைன் கூடும் கனமான வார்ப்பிரும்பு. அவற்றில் சேர்ந்த சூடு எங்கே போகும்? ஷாஃப்ட் வழியாகவும் சுவர் வழியாகவும் மெல்ல நடுப்பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே தேங்கி நிற்கும் ஆயில் 250-300 டிகிரியைத் தொட்டால் கருகிக் கரியாக ஆரம்பிக்கும்.

இன்பிளான்ட் டிரெயினிங்கின்போது ஒரு பட்டறையில் இப்படிச் செத்த டர்போவைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஷாஃப்டைக் கையால் சுற்றவே முடியவில்லை. டர்பைன் பக்கத்து பேரிங்கில் தோசைக்கல்லில் தீய்ந்த எண்ணெய் மாதிரி கறுப்பாக ஒட்டிக்கிடந்தது. "ஆயிலெல்லாம் ஒழுங்காத்தான் மாத்தியிருக்காங்க தம்பி. வண்டியை நிறுத்துன விதம்தான் சரியில்ல" என்றார் மெக்கானிக் அண்ணன்.

பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் புகையின் சூடு குறைவு. அதனால் தண்ணீர் இல்லாமல் ஆயிலை மட்டும் நம்பி நன்றாக ஓடுகிற டீசல் டர்போக்கள் ஏராளம். அப்படியானால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் என்ன அவசரம்?

மணல் மேட்டில் ஒரு லேண்ட் குரூஸர்

ஆஸ்திரேலியாவைப் பார்ப்போம். டொயோட்டா லேண்ட் குரூஸரில் 1990-இல் வந்த 1எச்இசட் எஞ்சின் 6 சிலிண்டர், 4164 சி.சி., டர்போ இல்லாத டீசல். அதற்குத் தனியாக டர்போ வாங்கிப் பொருத்துவது அங்கே சர்வ சாதாரணம். அங்குள்ள சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரத்தில், பேர்ட்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில், 'பிக் ரெட்' என்று ஒரு மணல் மேடு. சுமார் 40 மீட்டர் உயரம். லோ ரேஞ்சில் போட்டு, முழு ஆக்ஸிலேட்டரில் வண்டி ஏறுகிறது. சுமை அதிகம், வேகம் குறைவு. பானட்டுக்குள் காற்றோட்டமும் குறைவு. மேலே போய்ச் சேர்ந்ததும் டிரைவர் என்ன செய்வார்? சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி வேடிக்கை பார்ப்பார்! டர்போவுக்கு இதைவிடக் கெட்ட நேரம் வேறு கிடையாது. டிரைவரின் பொறுமையை நம்பாமல் பேரிங்கைக் காப்பாற்றத்தான் தண்ணீர்.

14 கிராம் பம்ப்

பம்ப் நின்றபின் தண்ணீர் எப்படி ஓடும்? தெர்மோசைஃபன். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், சூடு குறைந்தது கீழே இறங்கும். மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் இப்படித்தான் ஓடுகிறது. ஃபோர்டின் பழைய மாடல் டி காரில், முதலில் வந்த சில ஆயிரம் வண்டிகள் போக, வாட்டர் பம்பே கிடையாது. எஞ்சின் முழுவதும் இதே தத்துவத்தில்தான் குளிர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். 90 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 965 கிராம். 110 டிகிரியில் 951 கிராம். (ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தம் தாங்கினால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது.) வித்தியாசம் வெறும் 14 கிராம். நமக்குக் கிடைத்திருக்கும் பம்ப் அவ்வளவுதான்! குழாயில் ஒரு சின்னக் கூன் விழுந்து அதில் காற்று தங்கினாலும் இந்த நோஞ்சான் பம்ப் தோற்றுவிடும்.

குழாய் போடும் முறை

1. எடுக்கும் இடம்: எஞ்சின் பிளாக்கின் தாழ்வான பகுதி. அங்கே பம்பின் அழுத்தம் இருக்கும். அங்கிருந்து டர்போவின் கீழ்த் துவாரத்துக்குப் போக வேண்டும்.

2. சேர்க்கும் இடம்: டர்போவின் மேல் துவாரத்திலிருந்து வளைந்து இறங்காமல் ஏறிக்கொண்டே போய், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், அதாவது எஞ்சின் பக்கத்து உயரமான இடத்தில் சேர வேண்டும். தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டரில் சேர்த்தால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே வரும் பக்கம் இருக்கும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஹீட்டர் ஹோஸ்: பக்கத்திலேயே இருப்பதால் இதை வெட்டிச் சேர்க்கத் தோன்றும். டர்போவை ஹீட்டரோடு ஒரே வரிசையில் மாட்டினால், ஹீட்டர் வால்வை மூடியதும் டர்போவுக்கும் தண்ணீர் நின்றுவிடும். வேறு வழியில்லை என்றால் இரண்டு பக்கமும் 'டி' போட்டு இணையாக மாட்டுங்கள். அப்போதும் வெளியேறும் குழாய் மேல்நோக்கித்தான் போக வேண்டும்.

4. சாய்வு: தண்ணீர்த் துவாரங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் பேரிங் வீட்டைச் சுமார் 20 டிகிரி திருப்பி, வெளியேறும் துவாரத்தை உயர்த்தலாம். ஆயில் இறங்கும் குழாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. ஆகவே 20 டிகிரி இரண்டுக்கும் பொருந்தும்.

5. பொருள்: டர்போவை ஒட்டி எஃகுக் குழாய், சூடு குறைந்த இடத்துக்கு வந்தபின் நூல் பின்னிய நல்ல ஹோஸ். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம். ஆனால் அதிர்வில் இறுகி வெடித்துவிடும். பான்ஜோ போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். கிளிப் நழுவாமலிருக்கக் குழாய் முனையில் வரம்பு இருக்க வேண்டும்.

6. காற்று: தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் முகத்தை உயர்த்தி நிறுத்துங்கள். டர்போ ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருந்தால், அதற்கும் மேலே காற்று வெளியேற ஒரு வழி வேண்டும்.

சரியாக இருக்கிறதா?

வண்டியை நன்றாக இழுக்கவிட்டு நிறுத்துங்கள். வெளியேறும் குழாயில், டர்போவிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெப்பமானியால் பாருங்கள். கையை வைக்காதீர்கள்! அந்த இடம் நிறுத்தியபின்னும் சூடேறினால் தண்ணீர் நகர்கிறது என்று அர்த்தம். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் எங்கோ காற்று மாட்டியிருக்கிறது.

இன்னொன்று. தண்ணீர்க் குழாய் போட்டாயிற்று என்பதற்காக, ஏற்றத்தில் இழுத்த வண்டியை உடனே அணைக்க வேண்டாம். ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அந்த நேரத்தில் ஆயிலே பெரும்பகுதி சூட்டை இறக்கிவிடும். மிச்சத்தைத்தான் அந்த 14 கிராம் பார்த்துக்கொள்ளும்.

இறுதி ஆண்டு நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஒரு பழைய டர்போவின் நடுப்பகுதி, சூடு தாங்கும் கண்ணாடிக் குழாய் இரண்டு, மேலே திறந்த ஒரு சின்னத் தொட்டி, சாயம் கலந்த தண்ணீர், ஒரு ஹீட்டர். இவ்வளவு போதும், அருமையான புராஜெக்ட். ஒரு முறை குழாயை ஏறுமுகமாகவும், ஒரு முறை கூன் வைத்தும் மாட்டிக் காட்டுங்கள். சாயம் எதில் ஓடுகிறது, எதில் நிற்கிறது என்று எக்ஸ்டர்னல் வாத்தியாரே குனிந்து பார்ப்பார். மார்க் தானாக வரும்!