வயலுக்கும் சந்தைக்கும் நடுவே

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் முன்னோர் வாக்கு. மழை பொய்த்த ஆண்டில் விளைச்சல் இல்லாமற் போவதை நாம் விதி என்று தாங்கிக்கொள்கிறோம். ஆனால் மழை பெய்து, நிலம் மனமுவந்து கொடுத்த ஆண்டிலும் விவசாயி கடனாளியாக நிற்கின்றானே, அதற்குக் காரணம் என்ன? பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிச் செல்லும் காட்சியைத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் அறியும். விளைந்ததே குற்றமாகிவிடும் விந்தையை என்னென்பது!

காரணத்தை எளிதாகக் கூறிவிடலாம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். பழுத்தபின் அது சில நாட்களே தாங்கும். பாலோ சில மணி நேரமே தாங்கும். காத்திருக்க முடியாத பொருளைக் கையில் வைத்திருப்பவன் பேரம் பேச முடியாது. இன்று மாலைக்குள் விற்றாக வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். எதிரே நிற்கும் வியாபாரிக்கும் தெரியும். ஆகவே விலையைச் சொல்பவன் வாங்குகிறவனே.

அந்தப் பொருளுக்குக் காத்திருக்கும் வலிமையைக் கொடுப்பதே பதனிடும் தொழில். குளிரூட்டுதல், உலர்த்துதல், அவித்தல், கூழாக்குதல், பொடியாக்குதல் ஆகிய யாவும் காலத்தை விலைக்கு வாங்கும் வழிகளே. ஆனால் இரண்டு ஏக்கர் நிலமுள்ளவன் குளிர்பதனக் கிடங்கு கட்ட முடியுமா? முடியாது. அவனைப் போன்ற ஐந்நூறு பேர் சேர்ந்தால் முடியும். இங்குதான் பொதுவான பதனிடும் நிலையம் என்னும் எண்ணம் பிறக்கிறது. அதனோடு மற்றொரு கேள்வியும் பிறக்கிறது: வயலுக்கும் சந்தைக்கும் நடுவே எழும் அந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம்?

ஆனந்தில் நடந்தது

இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உண்டு. குஜராத்தின் அன்றைய கேடா மாவட்டத்தில் ஆனந்த் என்னும் ஊர். 1940-களில் அவ்வட்டாரத்தின் பாலை மொத்தமாக வாங்கியது பால்சன் என்னும் தனியார் வெண்ணெய் நிறுவனம். பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் திட்டம் 1945-இல் தொடங்கியபோது, கொள்முதல் செய்யும் உரிமையும் அதனிடமே சென்றது. நகரத்தார் கொடுத்த விலைக்கும் எருமை வளர்த்தவர் பெற்ற விலைக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது.

விவசாயிகள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டார்கள். கூடுதல் விலை கேட்டு மன்றாடுவதை விட, பாலைப் பதப்படுத்தும் நிலையத்தையே நீங்கள் உடைமையாக்கிக்கொள்ளுங்கள் என்பதே அவர் கூறிய அறிவுரையின் சாரம். 1946 சனவரியில் சமர்க்கா என்னும் சிற்றூரில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூடிய மக்கள், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதெனத் தீர்மானித்தனர். அரசு இணங்காதபோது ஒரு சொட்டுப் பாலும் விற்பதில்லை என்று உறுதி பூண்டனர். பதினைந்து நாட்கள் பம்பாய்க்குப் பால் செல்லவில்லை. அன்றாடம் பால் விற்று அடுப்பு மூட்டிய குடும்பங்கள் பதினைந்து நாள் வருமானத்தை இழக்கத் துணிந்தன என்பதை நாம் மறத்தலாகாது. இறுதியில் அரசு இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14-ஆம் நாள் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பெற்றது. 1948-இல் வேலை தொடங்கியபோது இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சுமார் இருநூற்றைம்பது லிட்டர் பால். இதுவே பின்னாளில் ‘அமுல்’ எனப் பெயர் பெற்றது.

அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். விடுதலைப் போரில் சிறை சென்றவர். அவருடன் வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பயின்ற அவர், அரசுப் பணி நிமித்தம் 1949-இல் ஆனந்த் வந்தார். விரைவில் வெளியேற எண்ணியவர், வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார். இறுதிவரை தம்மை விவசாயிகளின் ஊழியன் என்றே கூறிக்கொண்டார்.

இயந்திரம் செய்த உதவி

சங்கம் அமைத்ததோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. எருமை குளிர்காலத்தில் மிகுதியாகக் கறக்கும்; கோடையில் வற்றும். பம்பாயின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு. மிஞ்சிய பாலை என்ன செய்வது? ‘வேண்டாம், திருப்பி எடுத்துச் செல்லுங்கள்’ என்று உறுப்பினரிடம் சொன்னால், அன்றே சங்கம் சிதைந்துவிடும். பாலைப் பொடியாக்கினால் குளிர்கால மிகுதியைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்பது அக்கால மேனாட்டு வல்லுநரின் கருத்து. குரியனின் தோழர் எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். யூனிசெஃப், நியூசிலாந்து ஆகியவற்றின் உதவியோடு எழுந்த புதிய ஆலையை 1955 அக்டோபர் 31-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

இயந்திரத்தைக் காட்டிலும் பெரிது ஒன்று கிராமத்தில் நடந்தது. காலையும் மாலையும் வரிசையில் நின்று பால் ஊற்றுவார்கள். ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்து சோதிக்கப்பட்டு, அதற்கேற்ற பணம் தாமதமின்றிக் கையில் கிடைத்தது. சாதி பார்த்து வரிசை இல்லை. செல்வர் என்பதற்காக விலை ஏறவில்லை. பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. ஓர் எருமை வைத்திருக்கும் கைம்பெண்ணுக்கும் ஒரு வாக்கு. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என மூன்றடுக்காக அது வளர்ந்தது.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு அருகே ஒரு சிற்றூரில் இரவு தங்கி, மக்களிடம் பேசி அறிந்தார். நாடெங்கும் இம்முறையைப் பரப்ப 1965-இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் நடைபெற்றது. தமிழ்நாட்டிலும் 1981-இல் மூன்றடுக்குக் கூட்டுறவு இணையம் உருவாகி, ‘ஆவின்’ என்று வழங்கலாயிற்று. 1998-இல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு என்ற நிலையை இந்தியா எய்தியது.

பொது என்றால் யாருக்குப் பொது?

பொதுவான கட்டடம் இருந்தால் போதுமா? நம் சேலத்தைப் பாருங்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்தே நம் வீட்டுப் பாயசத்துக்கான ஜவ்வரிசி வருகிறது. அங்கே 1981-இல் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவு நிறுவனம் தோன்றியது. பொதுக் கிடங்கு, சரக்கின் பேரில் முன்பணம், ஒப்பந்தப் புள்ளி வழி விற்பனை என்று நல்ல ஏற்பாடுகளை அது செய்தது. தனித்தனியே விற்று வியாபாரியிடம் சிக்கியிருந்தோர்க்கு அது பெருந்துணை. ஆயினும் அதன் உறுப்பினர் ஜவ்வரிசி ஆலை உரிமையாளர்; கிழங்கு விளைவிப்போர் அல்லர். ஆலையாருக்குக் காத்திருக்கும் வலிமை கிடைத்தது. பிடுங்கியபின் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும் கிழங்கை வைத்திருப்பவன் ஆலை வாசலில்தான் நிற்கின்றான். இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. யார் உறுப்பினரோ அவருக்கே பயன் என்னும் எளிய உண்மையை நினைவூட்டவே சொல்கிறேன்.

மறுபுறம், அதே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நடந்ததையும் காண்போம். சாமையும் தினையும் அம்மக்களின் பழம்பெரும் உணவு. ஆனால் அவற்றின் உமியை உரலில் இட்டு உலக்கையால் குத்திப் போக்குவது பெண்களின் தலையில் விழுந்த கடும் உழைப்பு. அந்த உழைப்புக்கு அஞ்சியும், மரவள்ளிக்குக் கிடைத்த காசை நாடியும் பலர் சிறுதானியத்தைக் கைவிட்டனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் சிறு இயந்திரங்களை அமைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தது. குத்திய தானியமும் மாவும் மலையிலிருந்து கீழே விற்பனைக்கு வந்தன. ஒரு சிறு இயந்திரம் ஊர்ப் பெண்களின் கைக்கு வந்ததால், வயலில் என்ன விதைப்பது என்ற முடிவே மாறத் தொடங்கியது.

திருச்சபையின் குரல்

இது அரசினரின் அலுவல், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1961-இல் வெளியிட்ட ‘தாயும் ஆசிரியையும்’ என்னும் சுற்றுமடலில் உழவுத் தொழிலைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். விளைபொருளைக் காக்கவும் பதனிடவும் ஏற்றிச் செல்லவுமான தொழில்கள் நாட்டுப்புறத்திலேயே அமைய வேண்டும் என்றும், உழவர்கள் தாமே முன்வந்து கூட்டுறவு அமைப்புகளை உருவாக்க வேண்டும் என்றும் அவர் எடுத்துரைக்கிறார்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மோசஸ் கோடி, ஜிம்மி டாம்ப்கின்ஸ் என்னும் இரு குருக்கள் அதைச் செய்துகொண்டிருந்தனர். அங்கிருந்த ஏழை மீனவர் பிடித்த கல்லிறால் முழுவதும் வணிகர் சொன்ன விலைக்கே போயிற்று. குருக்கள் முதலில் ஆலை கட்டவில்லை. பத்துப் பேர் கொண்ட சிறு படிப்பு வட்டங்களை வீடு வீடாக அமைத்தனர். நம் சரக்கு எங்கே போகிறது, என்ன விலைக்கு விற்கிறது, நடுவில் யார் என்ன செய்கிறார் என்று மக்களே ஆராய்ந்தனர். அதன் பிறகே தம் கையால் மரம் வெட்டி, கல்லிறாலை டப்பாவில் அடைக்கும் ஆலைகளைத் தாமே எழுப்பினர்.

கட்டுமுன் எண்ண வேண்டியவை

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்கிறார் ஆண்டவர். ஆகையால் எந்த ஊரிலேனும் இம்முயற்சி எழுமாயின், சிலவற்றை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

முதலாவது, ஆண்டு முழுவதும் வேலை இருக்குமா? மாங்கூழ் ஆலை மாம்பழக் காலத்தில் மட்டும் ஓடி, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடந்தால், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மாவுக்குப் பின் தக்காளி, கொய்யா, நெல்லி என்று அதே இயந்திரத்துக்கு வேலை கொடுக்கும் திட்டம் வேண்டும்.

இரண்டாவது, நாம் விளைவிப்பது ஆலைக்கு ஏற்றதா? குழம்புக்கு உகந்த சாறு மிகுந்த தக்காளி ஆலைக்கு உதவாது. ஒரு கிலோ கெட்டிச் சாந்துக்கு ஆறு கிலோ பழம் வரை செல்லும். தண்ணீர் அதிகமானால் எரிபொருட் செலவே இலாபத்தை விழுங்கிவிடும். விதைக்கும்போதே ஆலையை நினைத்து விதைக்க வேண்டும்.

மூன்றாவது, நடைமுதல் உண்டா? இயந்திரம் வாங்க மானியம் கிடைக்கலாம். ஆனால் சரக்குக் கொண்டுவரும் உறுப்பினருக்கு அன்றே பணம் கொடுக்க முடியாவிடில், அவர் அடுத்த நாள் பழைய வியாபாரியிடமே செல்வார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் வீட்டிலும் பசி உண்டு.

நான்காவது, நிர்வாகி யார்? தலைவர் ஊரார் தேர்ந்தெடுத்தவராக இருக்கலாம். கணக்கும் தரமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் அறிந்து நடத்துபவர் பயிற்சி பெற்றவராக, ஊதியம் பெறுபவராக இருத்தல் வேண்டும். திரிபுவன்தாசும் குரியனும் இணைந்ததே ஆனந்தின் இரகசியம்.

ஐந்தாவதும் முக்கியமானதும், நம் உறுதி எத்தகையது? வெளிச்சந்தையில் விலை ஏறிய நாளில் வெளியே விற்றுவிட்டு, இறங்கிய நாளில் மட்டும் சங்கத்தின் வாசலுக்கு வரும் உறுப்பினரால் எந்தச் சங்கமும் நிலைக்காது. பல சங்கங்கள் வெளிப் பகையால் மட்டும் அழியவில்லை, உள்ளிருந்தும் கரைந்தன.

சட்டம் இன்று நமக்குத் தடையாக இல்லை. 2002-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி தொடங்க வழி பிறந்தது. 2020-இல் மத்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆனால் பதிவுச் சான்றிதழ் சங்கம் ஆகிவிடாது; கட்டடம் கூட்டுறவு ஆகிவிடாது.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தாரே, பெருந்தொகைக்கு மனு எழுதுமுன் ஒரு சிறு வேலையைச் செய்யுங்கள். உங்கள் அன்பியத்தில் பத்துக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடுங்கள். சென்ற ஆண்டு நம் ஊரிலிருந்து எத்தனை மூட்டை வெளியே போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று, அதே பொருள் நகரத்துக் கடையில் என்ன விலைக்கு விற்றது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கணக்கு வீட்டுப் பெண்கள் கையில் இருக்கட்டும். அவர்களே சரியாக எழுதுவார்கள். ஆறு மாதம் எழுதிய அந்த நோட்டு, உங்களுக்கு வேண்டியது உலர்களமா, கிடங்கா, இயந்திரமா அல்லது ஒரு நல்ல தராசு மட்டுமா என்பதைத் தானே சொல்லிவிடும்.