கருவி ஒரு கண்டத்தில், வகுப்பு வேறு கண்டத்தில்

பிரிட்டனில் குளிர்காலக் காலை 10 மணி என்றால் ஹவாய்த் தீவுகளில் நள்ளிரவு. இந்த 10 மணி நேர வித்தியாசத்தைப் பள்ளிக்கூடங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டது ஃபால்க்ஸ் தொலைநோக்கித் திட்டம். மாவி தீவில் ஹலேயாகலா எரிமலையின் உச்சியில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு நிற்கிறது அதன் தொலைநோக்கி. பிரிட்டிஷ் தொழிலதிபர் டில் ஃபால்க்ஸின் நன்கொடையில் உருவானது. இதன் இரட்டை ஆஸ்திரேலியாவில், சைடிங் ஸ்பிரிங்கில் இருக்கிறது. காலைப் பாடவேளையில் இருக்கும் மாணவி விண்மீன் கொத்து ஒன்றை நீல வடிகட்டி வழியே ஒரு முறை, சிவப்பு வடிகட்டி வழியே ஒரு முறை படமெடுக்கச் சொல்லலாம். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால் எந்த விண்மீன் அதிகச் சூடானது என்பது தெரியவரும்.

இப்படி எங்கோ இருக்கும் நிஜக் கருவியை இணையம் வழியாக இயக்கும் ஏற்பாட்டைத்தான் ரிமோட் லேப், அதாவது தொலைவழி ஆய்வகம் என்கிறார்கள். கணினித் திரையில் குமிழி பொங்கும் சிமுலேஷனோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிமுலேஷனில் விடையைத் தருவது நிரல். இங்கே மோட்டார் நிஜமாகவே சுற்றுகிறது, உணரி நிஜமாகவே எண்ணுகிறது.

தொடக்கம் பள்ளிக்கூடத்தில் நடக்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஹெசுஸ் டெல் அலாமோ 1998-இல் டிரான்சிஸ்டரைச் சோதிக்கும் கருவியை இணையத்தில் இணைத்தார். அவருடைய மாணவர்கள் விடுதி அறையிலிருந்தே மின்னோட்ட அளவீடுகளை எடுத்தார்கள். பின்னால் உகாண்டா, நைஜீரியா, தான்சானியா பல்கலைக்கழகங்களும் ஐலேப் என்று பெயர்பெற்ற அந்த முயற்சியில் சேர்ந்தன.

பள்ளிக்கு வந்த ஐலேப்களில் கவனித்துப் பார்க்க வேண்டியது கதிரியக்க ஆய்வு. கருவி இருந்த இடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம். அதை அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். கருவி எளிமையானதுதான். பீட்டா துகள்களை உமிழும் ஸ்ட்ரான்சியம்-90 கொஞ்சம், துகள்களை எண்ணும் கைகர் கருவி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார். ஸ்ட்ரான்சியம்-90-ஐப் பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டப் பல தலைமை ஆசிரியர்கள் தயங்குவார்கள். அந்தத் தலைவலி பல்கலைக்கழகத்தோடு நின்றுவிட்டது.

கண்டறிய வேண்டியிருந்தது இது: மூலத்திலிருந்து விலக விலகக் கதிர்வீச்சு எப்படிக் குறைகிறது? செய்முறையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தெந்தத் தூரங்களில் அளப்பது, ஒவ்வொன்றிலும் எத்தனை வினாடி எண்ணுவது, எத்தனை முறை திருப்பிச் செய்வது எல்லாமே மாணவர்களின் முடிவு. திட்டத்தை அனுப்பினால் அது வரிசையில் நிற்கும். முறை வந்ததும் கருவி ஓடி, எண்களைத் திருப்பி அனுப்பும்.

சுவாரஸ்யம் அந்த எண்களில்தான் இருக்கிறது. அதே தூரம், அதே நேரம். முதல் தடவை 25 துகள் வந்தால் அடுத்த தடவை 31 வரலாம், அதற்கடுத்து 22 வரலாம். கருவி கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அணுக்கரு சிதைவதே தற்செயலாக நடப்பது. எந்த அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை 25 என்றால் ஏறத்தாழ 5 கூடும், குறையும். அது 20 சதவீதம். 10,000 வரை எண்ணினால் ஏற்ற இறக்கம் 100 அளவுதான், வெறும் 1 சதவீதம். ஆகவே நீண்ட நேரம் எண்ணுவது லாபம். ஆனால் கருவிக்காக மற்றவர்களும் காத்திருந்தார்கள், நேரத்துக்குக் கணக்கு இருந்தது. அருகில் வைத்து அளந்தால் சீக்கிரம் முடியும், தள்ளி வைத்தால் துகள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எங்கே அதிக நேரம் செலவிடுவது? நான்கு பேர் உட்கார்ந்து வாதாடியே ஆக வேண்டும்.

பாடநூல் சொல்வது: தூரம் இரு மடங்கானால் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகும். நிஜக் கருவியில் அது அச்சுப் பிசகாமல் வராது. ஸ்ட்ரான்சியம் ஒரு புள்ளியல்ல, அதற்கும் பரப்பு உண்டு. காற்றிலும் சுற்றுப்புறத்திலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறது. சிமுலேஷனிலும் இப்படிப் பிழைகளைச் சேர்க்கலாம்தான், ஆனால் நிரல் எழுதியவர் நினைத்த பிழை மட்டுமே வரும். விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னால் நிரப்பிய ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து தொடங்கிய 'உலக ஊசல்' திட்டம் வேறு கேள்வி கேட்கிறது. வெவ்வேறு அட்சரேகைகளில் தொங்கும் ஊசல்களை இணையத்தில் இயக்கிப் புவியீர்ப்பு முடுக்கத்தை ஒப்பிடச் சொல்கிறது. நிலநடுக்கோட்டில் அது 9.78 மீ/வி², துருவத்தில் 9.83 மீ/வி². ஒரு மீட்டர் ஊசலில் இந்த வித்தியாசம் ஒரு அலைவுக்கு 5 மில்லி வினாடிதான். இதைப் பிடிக்க நூறு அலைவுகளைச் சேர்த்து அளக்க வேண்டும் என்று மாணவருக்குத் தானாகத் தோன்றினால் பாதிப் பாடம் முடிந்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. 'இந்தப் பொத்தானை அழுத்து, இந்த எண்ணை எழுது' என்று நடத்தினால் ரிமோட் லேபும் பழைய செய்முறை வகுப்புதான். ஐரோப்பாவில் 2012-இல் தொடங்கிய கோ-லேப் திட்டம் இதை உணர்ந்து, ஆய்வகங்களைப் பட்டியலிடுவதோடு நிற்கவில்லை. பொருளோடு அறிமுகம், கேள்வியும் கருதுகோளும், ஆய்வு, முடிவு, விவாதம் என்ற படிகளில் ஆசிரியர் பாடத்தைத் தானே அமைக்க இணையக் கருவிகளையும் கொடுத்தது. அதை வழிநடத்திய நெதர்லாந்தின் டொன் டி யோங், வேறு இருவரோடு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையும் கையால் செய்யும் ஆய்வுக்கும் திரை ஆய்வுக்கும் தனித்தனிப் பலன் உண்டு, இரண்டையும் சேர்த்தால் நல்லது என்றே சொல்கிறது.

இந்தியாவில், எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பையின் சி-டாக் கணினி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பள்ளிகளுக்காக ஓ-லேப்ஸ் தளத்தை நடத்துகின்றன. பயனுள்ளதுதான், ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் சிமுலேஷன்கள்.

கல்வி அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு ஆய்வகம் கட்டாமல் தப்பிக்க இதைச் சாக்காக்காதீர்கள். குடுவையும் நுண்ணோக்கியும் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பள்ளியால் வாங்க முடியாததற்கும் வைத்துக்கொள்ளக் கூடாததற்கும் மட்டும் தொலைவிலுள்ள கருவிகளை நாடலாம்.