கிழக்கு எல்லையில் ஒரு பெயர்

போன மாதம் என் சின்ன மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய சிநேகிதியின் மரம் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம் வரை போயிற்று. அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் இருக்கிறதாம். "எங்கட ஊரில யார் எழுதினது?" என்று மகள் கேட்டாள். சிட்னியில் வளர்ந்த எனக்கு அம்மம்மாவுக்கு மேலே ஒரு பெயரும் தெரியாது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று 1538 இல் ஆணை வந்தது. அவர்களுக்குக் குடும்பப் பெயரும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகள் பின்னால் போகலாம். எங்களுக்கோ அப்பாவின் பெயர் ஒரு தலைமுறையில் முதலெழுத்தாகிவிடும். அடுத்த தலைமுறையில் அதுவும் இல்லை.

அதற்காக எங்கள் ஊர்களில் யாரும் எழுதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரும் ஊர்களைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தின் 'பரிஷ்' போன்ற பிரிவுதான் அது. வரி வாங்குவதற்காகக் காணிகளையும் ஆட்களையும் பதிந்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர்.

ஆனால் அவ்வளவு தூரம் போக முதல், உங்கள் வீட்டிலேயே இரண்டு பதிவேடுகள் இருக்கக்கூடும். ஒன்று கல்வெட்டு. செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரைத்தான் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வோம். பலவற்றில் வம்சாவளி அச்சாகியிருக்கும். மற்றது காணி உறுதி.

அம்மம்மாவின் கல்வெட்டு அம்மாவின் அலுமாரியில் இருந்தது. அதில் பூட்டிக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். மகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அம்மா பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியையும் எடுத்துத் தந்தார். 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பி நடந்தபோது, அம்மம்மா உடுவிலில் இருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன கடதாசி அது. அம்மம்மாவின் சீதன உறுதி.

1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சீதனமாகக் காணி பெண்பிள்ளைகளுக்குப் போனது. அதனால்தான் மற்ற ஏடுகளில் தொலைந்துபோகிற பெண்வழி, எங்கள் உறுதிகளில் நிற்கிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. உறுதியில் காணியின் நாலு எல்லையிலும் யாருடைய காணி என்று எழுதுவார்கள். தாயின் வளவைப் பிரித்துத்தான் மகள்மாருக்குக் கொடுப்பது. ஆகவே பக்கத்துக் காணிக்காரர் பல நேரம் சொந்தக்காரர்தான்.

பழைய கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூன்று பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். எங்கள் சிட்னி வீட்டு நிலம் அந்தக் கணக்கில் இரண்டு பரப்புத்தான் வரும். வடக்கு ஒழுங்கை. மேற்கு பூட்டியின் அண்ணன். கிழக்கு எல்லையில் ஒரு பெண்ணின் பெயர். முன்னால் இங்கிலீசுப் பெயர், பின்னால் தமிழ்ப் பெயர். "கிணற்றில் அரைப்பங்கும்" என்றும் எழுதியிருந்தது.

"இது ஆர் அம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உதெல்லாம் இப்ப ஏன் பிள்ளை?" என்றார். பிறகு மெல்ல, "அம்மம்மான்ர சின்னம்மா. வேதத்துக்கு மாறிக் கலியாணம் முடிச்சவ. வீட்டில அவவின்ர கதையே எடுக்கக்கூடாது" என்றார்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை மாணவர்களுக்கு வைக்கிற வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதியவர் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை. உங்கள் மரத்திலும் இப்படி ஒரு பெயர் வந்தால் வெள்ளைக்காரர் என்று எண்ண வேண்டாம். அந்தப் பெயருக்குரிய பதிவு திருச்சபை ஏட்டில் இருக்கலாம்.

"கதைக்காமல் எப்பிடி அம்மா ஒரே கிணத்தில தண்ணி அள்ளினவை?" என்று கேட்டேன்.

"அவ விடிய வெள்ளன வருவா. அம்மம்மாவைக்கள் வெயில் ஏறப் போவினம். ஒருநாள் நான் வாளியை கிணத்துக்குள்ள விட்டிட்டு அழுதுகொண்டு நிண்டனான். அவதான் எடுத்துத் தந்தவ. வீட்டில சொல்லேல்லை." அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இதை முதன்முதலாக இப்போதுதான் சொல்கிறார்.

கல்வெட்டு எழுதினவர்கள் அவரை வெட்டிவிட்டார்கள். நொத்தாரிசுக்கு அந்தக் கோபம் இல்லை. கிழக்கே யார் காணி என்று எழுதத்தானே வேண்டும்?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அம்மா, அப்பா இருக்கும்போதே உறுதியை விரித்துவைத்து, நாலு எல்லையிலும் இருப்பது யார் என்று கேளுங்கள். பதிலை ஃபோனில் பதிந்து வையுங்கள். கல்வெட்டுக் கைவசம் இல்லையென்றால் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். நினைவு மலர்களும் ஊர் வரலாற்று நூல்களும் அங்கே நிறைய ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் அச்சில் வராதது அம்மாமாரிடம்தான் இருக்கிறது. விட்டுப்போன பெயர் எல்லாம் மதம் மாறினவர்களுடையதாக இருக்காது. சாதி பார்த்துத் தள்ளிவைத்தவர்களும் இருப்பார்கள். அதைக் கேட்கும் தைரியமும் எங்களுக்கு வேண்டும்.

மகள் தன் மரத்தில் பூட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கிளை வரைந்தாள். பெயரை அம்மாவே சொல்லிக் கொடுத்தார். பிறகு, "அவவின்ர பேரப்பிள்ளையள் ஆரோ மெல்பேர்னில இருக்கினமாம் எண்டு கேள்வி" என்றார்.

இந்தக் கிழமை விசாரித்துப் பார்க்கப் போகிறேன்.