சமையலறையில் எதற்குச் செலவிடலாம்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டுடன் உணவு முறைத் தாள் ஒன்றும் நோயாளியின் குடும்பத்தினரிடம் தரப்படுகிறது. உப்பைக் குறைக்கவும், எண்ணெயை அளவோடு பயன்படுத்தவும் அதில் அறிவுரை இருக்கும். மருந்தை வேளை தவறாமல் கொடுக்கும் குடும்பங்கள்கூட இத்தாளைப் பின்பற்றுவதில் தடுமாறுகின்றன. மாத்திரையை எண்ணிக் கொடுக்க முடிகிறது. உப்பை அளந்து போட இயலுவதில்லை. அதற்கான கருவி பல சமையலறைகளில் இருப்பதில்லை.

சிகிச்சைச் செலவுக்குப் பிறகு எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது எவருக்கும் எளிதன்று, தேவையும் இல்லை. மருத்துவர் கூறிய அளவை நாள்தோறும் கடைப்பிடிக்க உதவும் பொருள்களுக்கு முதலிடம் அளித்தால் போதும்.

அளவுக் கருவிகள்

முதலில் வாங்கவேண்டியது, 1 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு. உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குப் பரிந்துரைக்கும் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. தூள் உப்பைத் தலைதட்டி எடுத்த ஒரு தேக்கரண்டியே ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அதே கரண்டியில் கல்லுப்பை எடுத்தால் எடை மாறும். எனவே கண்ணளவும் கையளவும் நோயாளிக்கு உதவமாட்டா.

இதனைக் கடைப்பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒருவருக்கு 4 கிராம் என்று மருத்துவர் கூறியிருப்பதாகக் கொள்வோம். நால்வர் உள்ள வீட்டில் எல்லோரும் அதே சமையலை உண்டால், அன்றைய உப்பு 16 கிராம். காலையிலேயே அதனை எடை பார்த்து ஒரு சிறு டப்பாவில் இட்டு, காலைச் சட்டினி முதல் இரவு ரசம் வரை அதிலிருந்தே எடுக்கவேண்டும். மாலையிலேயே டப்பா காலியானால், எந்த உணவில் உப்பு கூடியது என்பது தெரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பு இக்கணக்கில் சேராது. ஆகவே அவற்றை நோயாளியின் இலையில் வைக்கலாகாது.

எடை பார்க்கும்போது உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தால் சில தராசுகள் அதனை உணர்வதில்லை. ஒருசேரக் கொட்டி எடை பார்ப்பது நல்லது.

அடுத்து, அளவுக்கரண்டிகள். ஒரு தேக்கரண்டி 5 மில்லி. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. ‘மூன்று தேக்கரண்டி’ என்று உணவியல் நிபுணர் எழுதியதை வீட்டில் ‘மூன்று கரண்டி’ என்று படித்து, குழிக்கரண்டியால் ஊற்றிவிட்டால் எண்ணெய் பன்மடங்கு கூடிவிடும். அளவு பொறித்த எஃகுக் கரண்டிகள் அழியாமல் நெடுங்காலம் உழைக்கும்.

அடிகனத்த பாத்திரம்

எண்ணெயைக் குறைத்தால் காய் அடிபிடிக்கிறது, தாளிப்பு கருகுகிறது என்று பலர் கூறுகின்றனர். பெரும்பாலும் பாத்திரத்தின் மெல்லிய அடிப்பகுதியே இதற்குக் காரணம். எஃகு வெப்பத்தை எளிதில் பரப்பாது. தீ படும் இடம் மட்டும் மிகுதியாகச் சூடேறுகிறது. உள்ளும் புறமும் எஃகும் நடுவே அலுமினியமும் கொண்ட மூன்றடுக்குப் பாத்திரத்தில் வெப்பம் சீராகப் பரவுவதால், குறைந்த எண்ணெயிலும் காய் வதங்கும். விலை கூடுதல்தான்; ஆயினும் ஒரு வாணலி மட்டும் வாங்கினால் போதும்.

நன்கு பழக்கிய இரும்புத் தோசைக்கல்லும் குறைந்த எண்ணெயில் தோசை வார்க்க உதவும். இரும்புப் பாத்திரத்தில் புளிப்பான உணவைச் சமைக்கும்போது சிறிதளவு இரும்புச்சத்து உணவில் சேர்கிறது. இரத்தசோகை உள்ளோருக்கு இது நன்று. எனினும் மருந்துக்கு ஈடாகாது. தலசீமியா உள்ளோரும், உடலில் இரும்பு மிகுந்தோரும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தலாகாது. மார்பெலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டோர், மருத்துவர் இசைவு தரும்வரை இத்தகைய கனமான பாத்திரங்களைத் தூக்கக் கூடாது.

நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் காயவிட வேண்டா. வெப்பம் 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். பூச்சு உரிந்துபோன பாத்திரத்தை நீக்கிவிடுவதே முறை. ரசத்திற்குரிய ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதில் நச்சுத்தன்மையுள்ள காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டறிய இயலாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் எஃகுப் பாத்திரமே பாதுகாப்பானது.

பிரஷர் குக்கர்

பற்களை இழந்தோருக்கும் மென்று விழுங்கச் சிரமப்படுவோருக்கும் பருப்பையும் பயறையும் குழைய வேகவைக்க இது உதவும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்கவேண்டும், இந்தியாவில் 2021 முதல் வீட்டுப் பயன்பாட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம். குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. பருப்பு வகைகள் பாதியளவே இருக்கவேண்டும். தளர்ந்த காஸ்கெட்டையும் பழைய பாதுகாப்பு வால்வையும் அதே நிறுவனத்தின் பொருளாகப் பார்த்து மாற்றவேண்டும். இச்சிறு செலவைத் தள்ளிப்போடக் கூடாது.

கத்தியும் பலகையும்

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோர் தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் நறுக்குவதைத் தவிர்க்கவேண்டும். மேடையில் வைத்து நறுக்க நல்ல கத்தி ஒன்றும் வழுக்காத பலகையும் தேவை. மழுங்கிய கத்தியை அழுத்தவேண்டியிருப்பதால் அது நழுவிக் கையை வெட்டும் வாய்ப்பு மிகுதி. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் இரத்தப்போக்கு நீடிக்கலாம். புற்றுநோய் மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்றம் பெற்றோரும் உள்ள வீட்டில், இறைச்சிக்கும் மீனுக்கும் தனிப் பலகை வைப்பது கட்டாயம்.

நீரிழிவால் விரல்களில் உணர்வு குறைந்தோர் சூட்டை உணராமல் தீப்புண் பெறுவதுண்டு. அவர்களுக்குச் சூடேறாத பிடியுள்ள பாத்திரமும் உறுதியான இடுக்கியும் வேண்டும்.

வாங்கும் வரிசை

தராசும் அளவுக்கரண்டிகளும் முதலில். கத்தியும் பலகையும் அடுத்து. குக்கரின் காஸ்கெட்டையும் வால்வையும் சரிபார்த்த பின்னர் அடிகனத்த வாணலி. பத்துப் பாத்திரங்கள் அடங்கிய தொகுப்பு தேவையில்லை. அன்றாடம் கையில் எடுக்கும் ஒரு பொருளுக்குக் கூடுதலாகச் செலவிடலாம். மாதம் ஒருமுறை எடுக்கும் பொருளுக்கு வேண்டா.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, ஒரு வாரத்தில் வீட்டில் செலவான உப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவைக் குறித்துக் கொண்டு வாருங்கள். அக்குறிப்பைக் கொண்டு, உங்கள் குடும்பத்திற்கு ஏற்ற அளவை உணவியல் நிபுணர் திருத்தமாக வகுத்துத் தர இயலும்.