விளையாட்டுக்கு எங்கே இடம்?

கோட்டூர்புரத்தை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்டது. அத்தகைய பொறிக்குக் குளிரூட்டப்பட்ட தனிக் கூடமே வேண்டும். இன்றோ மேசைக் கணிப்பொறிக்குள் ஒரு விளையாட்டை எங்கே நிறுவுவது என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர்.

2020இல் வெளிவந்த ‘மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ என்னும் விமானமோட்டும் விளையாட்டு 150 ஜி.பி. இடம் கேட்டது. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல, முனை நகர்ந்து தகவலைத் தேடவேண்டும், எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. ஆகவே எஸ்.எஸ்.டி.யில் நிறுவினால் காட்சிகள் விரைந்து வரும்.

ஆனால் வீட்டிலுள்ள எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி.தான், அதில் விண்டோஸும் குடும்பப் படங்களும் முன்னமே குடியிருக்கின்றன. இடமில்லையென்றதும் பிள்ளையின் கை எதை அழிக்கும்? திருமுழுக்குப் படங்களையும், மறைந்த பாட்டியின் குரல் பதிவையும் அன்றோ!

பெற்றோரே, படங்களுக்கு வேகம் வேண்டாம், பாதுகாப்பே வேண்டும். அவற்றை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, வெளியே தனி டிஸ்க்கில் இன்னொரு படியும் எடுத்து வையுங்கள். இரண்டும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பழையதை அழியுங்கள். விண்டோஸ் இயங்கச் சிறிது இடம் விட்டு, விளையாட்டை எஸ்.எஸ்.டி.யில் நிறுவுங்கள். அப்படியும் இடம் போதாதெனில், அதனை ஹார்டு டிஸ்க்கில் வைத்துச் சற்றுக் காத்திருப்பதில் நட்டமில்லை.

அழிந்த விளையாட்டை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பாட்டியின் குரலை எங்கிருந்து இறக்குவது?